விளம்பரக்காரர் இயக்கிய படம்

காவிரிக்கரைத் திரைக்காரர்கள் – 8

சென்ற அத்தியாயத்தை மவுண்ட் ரோட்டில் நிறுத்தியிருந்தோம். வக்கீலுக்குப் படித்துவிட்டுப் படம் எடுக்க வந்த பாபநாசத்துக்காரர் கே.சுப்பிரமணியம் உருவாக்கிய ஸ்டூடியோ தீயில் வெந்து ஏலத்துக்கு வந்தது. ‘பாலயோகினி’, ‘சேவாசதனம்’, ‘தியாகபூமி’ என்று மூன்றே ஆண்டுகளில் அக்கிரகாரத்தை நிற்கவைத்துக் கேள்வி கேட்ட மனிதரின் கையைவிட்டு அந்த இடம் போயிற்று. ஏலத்தொகை 86,427 ரூபாய் 11 அணா 9 பை என்று சினிமா வரலாறு எழுதியவர்கள் சில்லறை பாக்கியில்லாமல் குறித்து வைத்திருக்கிறார்கள். எடுத்தவர் அந்நியரல்ல. ‘தியாகபூமி’க்குப் பின்னால் பணத்தோடு நின்றவர், அதன் கதையைத் தம் பத்திரிகையில் வாராவாரம் அச்சிட்டவர். திருத்துறைப்பூண்டி சீனிவாசன். நமக்கு எஸ்.எஸ்.வாசன்.

ஒரு தஞ்சை ஜில்லாக்காரர் விட்டதை இன்னொரு தஞ்சை ஜில்லாக்காரர் பிடித்தார் என்று இதைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் இருவரும் சினிமாவுக்குள் நுழைந்த வாசல் வேறு. சுப்பிரமணியம் நாடகமும் தேசியமும் சீர்திருத்தமும் கலந்த வாசல் வழியாக வந்தார். வாசன் வந்தது விளம்பரத்தின் வழியாக. அந்த வழி அவர் எடுத்த படங்களை எப்படி வடித்தது என்பதுதான் இந்த அத்தியாயம்.

விளம்பரப் படம் எடுத்து, இசை வீடியோ எடுத்து, பிறகு முழுநீளப் படத்துக்கு வருவது இன்று பழகிய பாதை. ராஜீவ் மேனன் விளம்பர உலகிலிருந்து வந்து 1997இல் ‘மின்சார கனவு’ எடுத்தார். பரத்பாலா அதே ஆண்டு ஏ.ஆர்.ரஹ்மானின் ‘வந்தே மாதரம்’ காட்சித் தொகுப்பால் நாடு முழுக்கத் தெரிந்தார், ‘மரியான்’ 2013இல். ரஹ்மானே ‘ரோஜா’வுக்கு முன்னால் விளம்பரங்களுக்கு மெட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர்தான். கடல் தாண்டினால், பிரிட்டனில் ரொட்டிக்கு விளம்பரம் எடுத்த ரிட்லி ஸ்காட், அமெரிக்காவில் மடோனாவின் பாட்டுக்கு வீடியோ எடுத்த டேவிட் ஃபின்ச்சர். இவர்களைப் பற்றிப் பேசும்போது, “சில விநாடியில் மனசைப் பிடிக்கத் தெரிந்தவர்கள்” என்பார்கள். அடுத்த மூச்சிலேயே, “கதை சொல்லத் தெரியாது” என்றும் சொல்வார்கள். இந்தப் பாராட்டு, இந்தக் குறை இரண்டையும் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே வாங்கிக்கொண்டவர் வாசன். ஒரு வித்தியாசம், அவருடைய விளம்பரங்களுக்குக் கேமரா கிடையாது. காகிதமும் மையும்தான்.

திருத்துறைப்பூண்டியை இன்றைய வாசகர்களுக்கு நெல் ஜெயராமன் நடத்திய பாரம்பரிய நெல் திருவிழா வழியாகத் தெரிந்திருக்கும். காவிரிப் படுகையில் அது கடைமடைப் பகுதி. மேட்டூர் அணை கட்டப்பட்டதே 1934இல்தான்; அதற்கு முந்திய காலத்தில் கடைமடைக்காரர்கள் ஆற்றைப் பார்த்த நேரத்தைவிட வானத்தைப் பார்த்த நேரம் அதிகம். அந்த ஊரில் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்த சீனிவாசன் குழந்தையாக இருக்கும்போதே தகப்பனாரை இழந்தார். தாயார் வாலாம்பாள் மகனை அழைத்துக்கொண்டு சென்னைக்கு வந்து, சிரமப்பட்டுப் படிக்க வைத்தார். பச்சையப்பன் கல்லூரிவரை போன படிப்பு பாதியில் நின்றது. பிழைப்புக்கு அவர் பிடித்துக்கொண்டவை இரண்டு: பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேகரித்துத் தருவது, தபால் வழி வியாபாரம்.

தபால் வியாபாரத்தை இந்தத் தலைமுறைக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். பத்திரிகையில் பொருளைப் பற்றி நாலு வரி வரும். பார்த்தவர் ஒரு கார்டு எழுதிப் போடுவார். பொருள் வி.பி.பி.யில் வரும், தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்தால்தான் பொட்டலம் கைக்கு வரும். கொடுக்க மனமில்லையென்றால் பொட்டலம் திரும்பிப் போய்விடும், அனுப்பியவருக்குப் போகவர தபால் செலவு நஷ்டம். ஆகவே அந்த நாலு வரி, கார்டு எழுத வைத்தால் மட்டும் போதாது. பத்து நாள் கழித்துத் தபால்காரர் வாசலில் நிற்கும்போதும் ஆசை ஆறாமல் இருக்க வேண்டும். வாங்குகிறவரின் முகத்தைப் பார்க்க முடியாது. அவர் வலங்கைமானிலோ வேதாரண்யத்திலோ இருப்பார். கடைசி வாய்க்காலுக்கும் தண்ணீர் எட்டினால்தான் பாசனம் என்பதுபோல, கடைசி ஊர் வாசகருக்கும் எட்டினால்தான் அது விளம்பரம். வாசன் படித்த கல்லூரி இதுதான் என்று நான் நினைக்கிறேன். பிற்பாடு அவர் செட் போட்டதும் யானையைக் கொண்டுவந்து நிறுத்தியதும் இங்கே படித்த பாடம்.

அவர் விளம்பரம் கொடுத்துவந்த பத்திரிகைகளில் ஒன்று, பூதூர் வைத்தியநாதையர் 1926இல் தொடங்கிய ‘ஆனந்த விகடன்’. பத்திரிகை தள்ளாடி, இதழ் வராமல் நின்றபோது விசாரிக்கப் போன வாசன் அதை விலைக்கே வாங்கிக்கொண்டு வந்தார். ஆண்டு 1928. விலை 200 ரூபாய். பெயரில் உள்ள எழுத்துகள் எட்டு, எழுத்துக்கு 25 ரூபாய் என்று கணக்குப் போட்டார்கள் என்பது விகடன் வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. நிஜமாகவே அப்படிப் பேரம் நடந்ததோ என்னவோ, ஒரு விளம்பரக்காரரின் வாழ்க்கைக்கு இதைவிடப் பொருத்தமான கதையை யாரும் கட்டிவிட முடியாது. அவர் வாங்கியது அச்சு இயந்திரத்தையோ கட்டடத்தையோ அல்ல, ஒரு பெயரை.

அந்தப் பெயரை வைத்து அவர் செய்தவை பல. குறுக்கெழுத்துப் போட்டி நடத்திப் பரிசு கொடுத்தார். அதைத் திட்டியவர்களும் கட்டத்தை நிரப்பிவிட்டுத்தான் திட்டினார்கள். மாலியைக் கோட்டுச் சித்திரம் போட வைத்தார். 1931இல் மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்துக்காரர் ரா.கிருஷ்ணமூர்த்தியை, அதாவது கல்கியை, ஆசிரியர் பொறுப்புக்குக் கொண்டுவந்தார். தாமும் எழுதினார். விகடனில் அவர் எழுதிய ‘சதிலீலாவதி’ என்ற மதுவிலக்குக் கதையை எல்லிஸ் ஆர்.டங்கன் என்ற அமெரிக்கர் 1936இல் படமாக்கினார். கதாநாயகன் எம்.கே.ராதா. ஒரு சின்ன வேடத்தில் முதன்முதலாகத் திரைக்கு வந்தவர் எம்.ஜி.ஆர். வாசனின் சினிமா நுழைவு இப்படி எழுத்தாளராக நடந்தது. அதோடு அவர் படத்தைக் காசு கொடுத்து வாங்கி வெளியிடும் விநியோகத்துக்கும் போனார். சரக்கு எப்படி விற்கிறது என்று தெரிந்துகொண்டு பிறகுதான் சரக்குப் பிடிக்க உட்கார்ந்தார் என்பதை வரிசையில் கவனிக்க வேண்டும்.

‘தியாகபூமி’யைப் பற்றிச் சென்ற முறை சுப்பிரமணியத்தின் பக்கமிருந்து பார்த்தோம். இப்போது வாசனின் பக்கம் நின்று பார்க்கலாம். குடமுருட்டிக் கரையில் நெடுங்கரை என்ற கிராமம். புயல் வெள்ளத்தில் வீடிழந்த தாழ்த்தப்பட்ட மக்களுக்கு இடம் கொடுத்ததற்காக ஊர் ஒதுக்கிவைத்த சம்பு சாஸ்திரி. எழுதியவர் கல்கி. சாஸ்திரியாக நடித்த பாபநாசம் சிவன் தஞ்சை ஜில்லாப் போலகத்தில் பிறந்தவர். இயக்கியவர் பாபநாசத்துக்காரர். ஆக எல்லாம் நம் ஊர் மண். அதில் வாசனின் பங்கு என்ன? கதை விகடனில் தொடராக வந்தபோது, ஓவியத்துக்குப் பதிலாகப் படப்பிடிப்பில் எடுத்த புகைப்படங்களை அச்சிட்டார்கள். படம் தியேட்டருக்கு வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே சாவித்திரியின் முகமும் சிறுமி சாருவின் முகமும் வாசகர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டன. 1939 மே மாதம் படம் வந்தபோது அது புதுப்படமாக இல்லை. ஏற்கெனவே தெரிந்தவர்களைப் போய்ப் பார்த்துவிட்டு வருவதாக இருந்தது. கதையை விளம்பரமாகவும் விளம்பரத்தைக் கதையாகவும் ஆக்கிய இந்த உத்திக்கு இன்று பெரிய கம்பெனிகளில் தனி இலாகாவே இருக்கிறது. அன்று கல்கியின் பேனாவும் வாசனின் வியாபார மூளையும் ஒரே அலுவலகத்தில் இருந்தன, அவ்வளவுதான்.

சரி, ஸ்டூடியோ கைக்கு வந்தது. ஜெமினி என்று பெயர். இரட்டைக் குழந்தைகள் ஊதுகுழல் ஊதும் சின்னம். இந்தச் சின்னமே ஓர் அறிவிப்பு என்பது யாருக்கும் தோன்றும். ‘மதனகாமராஜன்’ 1941இல் வந்து ஓடியது. அடுத்த ஆண்டு ‘நந்தனார்’.

இந்தப் படத்தில் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் ஜெமினி டெல்டாவுக்குள் கால் வைத்த படம் இது. ஆதனூர்ப் பண்ணையாள், நாற்பது வேலி நிலம், சிதம்பரத்துக்குப் போக விடை கேட்டால் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிற வேதியர், நந்தி விலகிய திருப்புன்கூர். நரிமணத்தில் பிறந்து மாயவரத்துப் பக்கம் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதி பாடிப் பரப்பிய சரித்திரம். நந்தனாராக நடித்த எம்.எம்.தண்டபாணி தேசிகர் திருச்செங்காட்டங்குடிக்காரர். வேதியராக வந்த செருகளத்தூர் சாமாவுக்கு ஊர் பெயரிலேயே இருக்கிறது. முருகதாசா இயக்கினார். தேசிகரின் குரலில் பாட்டுகள் கோயில் வாசலுக்கும் கல்யாணப் பந்தலுக்கும் போயின. ஜெமினி படங்களில் எனக்கு இதுவே மனசுக்கு நெருக்கமானது. ஆனால் வாசன் இதே வழியில் மேலே நடக்கவில்லை. 1943இல் வந்த ‘மங்கம்மா சபதம்’ அவருக்கு வேறொரு கணக்கைக் காட்டியது: ராஜா, சபதம் போட்ட பெண், நாட்டியம், கத்தி. ஜனங்கள் மொய்த்தார்கள். அடுத்த சரக்கு அந்த வகையில்தான், அதைவிடப் பெரிதாக என்று முடிவாயிற்று.

அதுதான் ‘சந்திரலேகா’. தலைப்பு முதலில் வந்து கதை பிறகு வந்த படம். கெட்டிக்காரப் பெண்ணொருத்தியின் கதை வேண்டும் என்று வாசன் கேட்க, கதை இலாகாவில் இருந்த வேப்பத்தூர் கிட்டு, ரெனால்ட்ஸ் எழுதிய பழைய ஆங்கில நாவல் ஒன்றிலிருந்து ஒரு காட்சியைப் பிடித்துக் கொடுத்தார். அதன்மேல் கொத்தமங்கலம் சுப்பு, கே.ஜே.மகாதேவன், சங்கு சுப்பிரமணியம் ஆகியோர் மாடிமேல் மாடியாகக் கட்டினார்கள். 1943 வாக்கில் ஆரம்பித்த வேலை, உலகப்போர் முடிந்து, நாடு விடுதலை பெற்று, காந்தி சுடப்பட்டு, அதன் பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. ஆச்சார்யா என்ற டி.ஜி.ராகவாச்சாரி இயக்கத்தைத் தொடங்கினார். ஒரு கட்டத்தில் வாசன் தாமே பொறுப்பை எடுத்துக்கொண்டார். லென்சு, வெளிச்சம் என்று யாரிடமும் பாடம் கேட்காமல், முதலாளி நாற்காலியிலிருந்து நேரே இயக்குநர் நாற்காலிக்கு மாறினார். கேமராவைப் பற்றித் தெரிந்தவர்கள் சுற்றி நின்றார்கள். பார்வையாளரைப் பற்றித் தெரிந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கதை ஒன்றும் அதிசயமில்லை. அண்ணன் தம்பி இருவர், ஒரு ராஜ்யம், ஒரு பெண். எம்.கே.ராதா நல்லவர், ரஞ்சன் கெட்டவர். சந்திரலேகாவாகத் தஞ்சாவூர்க்காரர் டி.ஆர்.ராஜகுமாரி, பிறந்த பெயர் ராஜாயி. நடுவே ஒரு முழு சர்க்கஸ் கம்பெனி உள்ளே வருகிறது, ஏன் வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. கடைசியில் முரசு நடனம். கெட்டவனைக் கல்யாணம் செய்துகொள்ள அவள் சம்மதிக்கிறாள், ஆனால் அதற்கு முன் முரசு நடனம் நடக்க வேண்டும் என்கிறாள். அரண்மனை முற்றத்தில் ஆள் உயரத்தைத் தாண்டிய முரசுகள் வரிசை வரிசையாக. அவற்றின்மேல் நாட்டியப் பெண்கள். நானூறு பேர் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள் என்று சொல்லப்படுகிறது. ஆட்டம் முடிந்ததும் முரசுகளுக்குள் ஒளிந்திருந்த வீரர்கள் கிழித்துக்கொண்டு வெளியே குதிக்கிறார்கள். கிரேக்கர்களின் மரக்குதிரை தமிழ்நாட்டில் முரசாகி வந்துவிட்டது.

ஹாலிவுட்டில் பஸ்பி பெர்க்லி 1930களில் நாட்டியப் பெண்களைப் பூ இதழாகவும் சக்கரமாகவும் அடுக்கி மேலிருந்து எடுத்ததன் சாயல் இதில் இருப்பதை எல்லோரும் எழுதியாயிற்று. நான் சொல்ல வருவது வேறு. இந்த ஒரு காட்சியைப் படத்திலிருந்து வெட்டி எடுத்துத் தனியாகக் காட்டுங்கள். பேச்சு இல்லை. கதை தெரிய வேண்டியதில்லை. மொழி தெரிய வேண்டியதில்லை. தாளம் ஏறுகிறது, கூட்டம் பெருகுகிறது, ஒரு திடுக்கிடலோடு முடிகிறது. இன்றைய பேச்சில் இது சுத்தமான இசை வீடியோ. அதே சமயம் அது அந்தப் படத்துக்கான விளம்பரமும்கூட. பெரிய முரசும் அதன்மேல் ஒரு பெண்ணும் என்ற அந்த ஒரு படத்தைச் சுவரில் ஒட்டினால் போதும்; எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவருக்கும் செய்தி போய்ச் சேரும். வி.பி.பி.யின் நாலு வரி இங்கே ஒரே படமாகிவிட்டது. நாட்டுப்புற மக்களுக்கான ராஜபவனிதான் தம்முடைய படம் என்ற பொருளில் வாசன் சொல்லிக்கொண்டதாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். அதைக் கேலியாக எடுத்துக்கொள்கிற விமர்சகர்கள் உண்டு. எனக்கு அது தன் வாடிக்கையாளரைத் தெரிந்துவைத்திருந்த வியாபாரியின் நேர்மையான பேச்சாகவே படுகிறது.

செலவு 30 லட்சம் என்று கணக்குச் சொன்னார்கள். அந்தக் காலத்துக்குத் தலைசுற்றும் தொகை. 1948 ஏப்ரல் 9ஆம் தேதி தமிழில் வெளியானது. பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம், சுவரெல்லாம் சுவரொட்டி. கிராமத்துக்கு அது வந்த விதம் தனி. சம்பா அறுத்துக் களம் ஓய்ந்து கையில் நாலு காசு புரளும் மாசங்களில்தான் டூரிங் டாக்கீஸ்காரர் ஊருக்கு வெளியே கொட்டகை போடுவார். இரண்டு பக்கமும் தட்டி கட்டிய மாட்டுவண்டி, முன்னால் தப்பு, வண்டியிலிருந்து பறக்கும் கலர் நோட்டீஸ், பின்னால் ஓடும் பையன்கள். தரை டிக்கெட்டுக்கு மணலைக் குவித்து உட்கார்ந்துகொண்டால் அதுவே மேடை. இடைவேளையில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். கதைச்சுருக்கத்தைச் சொல்லிவந்து முக்கியமான இடத்தில் நிறுத்திவிட்டு, “மிகுதியை வெள்ளித்திரையில் காண்க” என்று போட்டிருக்கும். ரேடியோ எட்டாத ஊர்களில் சினிமாப் பாட்டு வரிகள் நிலைத்தது அந்தப் பழுப்புக் காகிதத்தால்தான். படம் ஊரைவிட்டுப் போனபிறகும் புத்தகம் போகாது. அரைப்படிப்புக்காரர்கள் அதை வைத்து எழுத்துக் கூட்டப் பழகியிருக்கிறார்கள்.

ஆனால் தமிழ்நாட்டு வசூல் மட்டும் அந்தச் செலவைத் தாங்காது என்பது வாசனுக்குச் சீக்கிரமே தெரிந்துபோயிற்று. சொத்தும் கடனும் சிக்கியிருந்த நிலை. இன்னொருவராக இருந்தால் நஷ்டத்தை எழுதி மூடியிருப்பார். அவர் சந்தையைப் பெரிதாக்கினார். சில பகுதிகளை மறுபடி எடுத்து, இந்தி வசனமும் பாட்டும் சேர்த்து, அதே ஆண்டு டிசம்பர் 24ஆம் தேதி இந்தியில் வெளியிட்டார். வடக்கே விநியோகத்தை எடுத்தவர் ராஜஸ்ரீ நிறுவனத்தின் தாராசந்த் பர்ஜாத்யா. முரசு நடனத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை என்பதை மேலே சொன்னேனே, அது இங்கேதான் காசாயிற்று. சென்னையில் எடுத்த படம் பம்பாயிலும் டெல்லியிலும் ஓடும் என்று அதுவரை யாரும் நம்பியதில்லை. அதன் பிறகு ஏவி.எம். முதல் எல்லோரும் அந்த வாசலில் போனார்கள்.

அதே 1948இல் நடந்த இன்னொரு சம்பவத்தையும் சொல்லிவிட வேண்டும். ‘ஞானசௌந்தரி’ கதையை ஜெமினியும் சிட்டாடல் நிறுவனமும் ஒரே நேரத்தில் எடுத்தன. சிட்டாடல் படம் ஓடியது, ஜெமினி படம் எடுபடவில்லை. வாசன் தம் படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டார். மட்டச் சரக்கை விளம்பரத்தால் தள்ளிவிடலாம் என்று அவர் நினைக்கவில்லை. பொட்டலம் திரும்பி வந்தால் தபால் செலவும் தன் தலையில்தான் என்பது அவர் இளமையிலேயே அறிந்த பாடம்.

ஜெமினி உள்ளுக்குள் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள அசோகமித்திரனைப் படிக்க வேண்டும். தகப்பனார் இறந்தபிறகு, அவருடைய நண்பரான வாசனின் அழைப்பில் சென்னைக்கு வந்து 1952 முதல் 1966 வரை அங்கே வேலை பார்த்தவர். செய்தித்தாள்களிலிருந்து துண்டுகள் வெட்டிக் கோப்பில் வைப்பது அவர் வேலைகளில் ஒன்று. விளம்பரக்காரரின் ஸ்டூடியோவில் இப்படி ஒரு மேசை இருந்ததில் வியப்பில்லை. அவர் எழுதிவைத்த ஒப்பனை அறையும், எல்லாவற்றுக்கும் வழி சொல்லும் கொத்தமங்கலம் சுப்புவும், எல்லோருக்கும் ‘பாஸ்’ ஆன வாசனும் எந்த வரலாற்றுப் புத்தகத்தையும்விட உயிரோடிருக்கிறார்கள். ஆர்.கே.நாராயணும் ஜெமினிக்கு ‘மிஸ் மாலினி’ எழுதிக் கொடுத்தவர். பின்னால் 1949இல் ‘மிஸ்டர் சம்பத்’ நாவலில் சினிமாக் கம்பெனிகளைக் கிழிகிழியென்று கிழித்தார். வாசன் என்ன செய்தார் தெரியுமா? சம்பத்தையே 1952இல் இந்தியில் படமாக இயக்கினார், மோதிலாலும் பத்மினியும் நடிக்க. தன்னைப் போன்றவர்கள் மேலான கிண்டலையும் விலைக்கு வாங்கி விற்கத் தெரிந்த மனிதரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

1950களில் அவர் இயக்கியவற்றை வரிசையாகச் சொல்லி வாசகரைச் சோர்வடையச் செய்யப் போவதில்லை. ‘இன்சானியத்’தில் (1955) திலீப்குமாரும் தேவ் ஆனந்தும் சேர்ந்து நடித்தும்கூட, அமெரிக்கத் தொலைக்காட்சியில் பெயர் வாங்கிய ஜிப்பி என்ற சிம்பன்சியை வரவழைத்து அதையும் விளம்பரப்படுத்தினார் என்பது போதும். ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ (1958) மட்டும் அப்படித் தாண்டிப் போக முடியாது. அதிலுள்ள போட்டி நடனத்துக்காக. பத்மினியும் வைஜயந்திமாலாவும் எதிரெதிரே ஆடும் அந்தச் சில நிமிஷங்கள், படத்தின் கதை மறந்துபோன பிறகும் தனியாக வாழ்கின்றன. இன்று கைப்பேசியில் அதைப் பார்ப்பவர்களில் எத்தனை பேர் முழுப்படம் பார்த்திருப்பார்கள்? வைஜயந்திமாலா வழுவூர் ராமையாப் பிள்ளையின் மாணவி. மாயவரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வழுவூர்தான். அதே பிள்ளையின் இன்னொரு மாணவி, மாயவரத்தில் பிறந்த குமாரி கமலா, ஏவி.எம்.மின் ‘நாம் இருவர்’ (1947) படத்தில் ஆடியதைப் பார்க்கவே கூட்டம் வந்தது. சதிர் கோயிலைவிட்டும் கச்சேரி மேடையைவிட்டும் ஸ்டூடியோவுக்குள் வந்தபோது, அதற்கு ஆடத் தெரிந்த கால்களைக் காவிரிக்கரை நட்டுவனார்கள் கொடுத்தார்கள். அதை எந்த இடத்தில் வைத்தால் ஊரே பேசும் என்ற கணக்கை வாசன் போன்றவர்கள் கொடுத்தார்கள். தமிழ்ப்படத்தில் பாட்டுக் காட்சி கதையைவிட நீண்ட ஆயுள் பெற்றது இந்தச் சேர்க்கையால்தான்.

சுப்பு விகடனில் கலைமணி என்ற பெயரில் எழுதிய ‘தில்லானா மோகனாம்பாள்’ சிக்கலும் திருவாரூரும் நிறைந்த கதை. அதை 1968இல் படமாக்கியவர் ஏ.பி.நாகராஜன். ஜெமினியிலேயே விளைந்தது, வேறொருவர் களத்தில் தூற்றப்பட்டது. டெல்டாக் கதை ஜெமினியின் படமாகாமல் போன இதை ஒரு தனிச் சம்பவமாக நான் பார்க்கவில்லை.

ஏனென்றால் வாசன் படம் எடுத்த ஆண்டுகள் முழுக்க அவருடைய சொந்த தாலுகா கொதித்துக்கொண்டிருந்தது. பண்ணையாள்கள் செங்கொடியின் கீழ்ச் சங்கம் சேர்ந்தார்கள். பி.சீனிவாசராவ் அந்த வட்டாரக் கிராமங்களில் நடந்தே சுற்றினார். அவருடைய நினைவிடம் திருத்துறைப்பூண்டியில்தான் இருக்கிறது. 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையில் வைத்து எரிக்கப்பட்டார்கள். ஜெமினியின் பட்டியலில் ‘நந்தனார்’ படத்துக்குப் பிறகு பண்ணையாள் கதை என்று ஒன்று இல்லை. மில் தொழிலாளியை வைத்து ‘இரும்புத்திரை’ (1960) எடுத்தார், நன்றாகவே எடுத்தார். நாற்றங்கால் பக்கம் கேமரா திரும்பவில்லை. அக்கறையில்லாதவர் என்று இதற்கு அர்த்தம் சொல்ல மாட்டேன். தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்தவர் பகல் முழுக்கச் சேற்றில் நின்றுவிட்டு வந்தவர். அவருக்கு மறுபடி சேற்றைக் காட்டி எதை விற்பது என்று விளம்பரக்காரர் யோசித்திருப்பார். கே.சுப்பிரமணியம் அப்படி யோசிக்கவில்லை, ஸ்டூடியோவை இழந்தார். வாசன் யோசித்தார், ஸ்டூடியோவைக் காப்பாற்றினார். டெல்டா தந்த இந்த இருவரில் பெரிய தயாரிப்பாளர் வாசன். பெரிய இயக்குநர் சுப்பிரமணியம். என் தீர்ப்பு இது. மாறுபடுகிறவர்கள் எழுதலாம்.

மாநிலங்களவை உறுப்பினராகவும் பத்மபூஷணாகவும் ஆகி, 1969 ஆகஸ்ட் 26ஆம் தேதி வாசன் மறைந்தார். ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்று ஐந்து நட்சத்திர ஹோட்டல் நிற்கிறது. எதிரே 1973இல் கட்டிய பாலத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் அண்ணா மேம்பாலம். பஸ் கண்டக்டர் சொல்வது ஜெமினி.

அடுத்த அத்தியாயம் டூரிங் டாக்கீஸ்களைப் பற்றியது. அதற்கு முன் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கத்து வீடுகளில் பரண்மேல் பழைய பாட்டுப் புத்தகங்களும் சினிமா நோட்டீஸ்களும் இன்னும் கிடக்கும். பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது அவற்றை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இவற்றைச் சேர்த்துப் பாதுகாக்கிறது. அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.